கூரையில் பாசி: குற்றவாளி யார்?



"மலருக்குக் கட்டுரை ஒண்ணு தாடே. காதல் கவிதை மட்டும் வேண்டாம், ஒரு கட்டு வந்து கிடக்கு" என்று நம் பேரவைச் செயலாளர் கேட்டபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் வீட்டுக் கூரைதான். சிவில் படிக்கிறவன் அணை, பாலம், அடுக்கு மாடி என்று எழுதாமல் ஓட்டில் முளைத்த பாசியைப் பற்றி எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள். அந்தப் பாசியால் எங்கள் வீட்டில் மூன்று மாதம் வருமானம் நின்றது. அதில் பாதிக் குற்றம் என்னுடையது. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம். சுற்றிலும் ரப்பர் தோட்டம். ஆனியில் தென்மேற்குப் பருவமழை, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை என்று இரண்டு மழையும் எங்களுக்கு உண்டு. பாட்டா கட்டிய வீடு. மங்களூர் ஓடு. இந்த ஓட்டுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டு ஆலை தொடங்கினார்கள். ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்த ஓடு மலபார் கரை முழுக்கப் பரவி எங்கள் ஊருக்கும் வந்தது. எந்த ஆலையில் செய்தாலும் பெயர் 'மங்களூர் ஓடு'தான். நம் பாடப் புத்தகத்தில் ஐ.எஸ். 654 என்று ஒரு வரியில் வந்துபோகிறதே, அதேதான்.

வீட்டின் முன்பக்கக் கூரையில் பெரிதாகப் பாசி இல்லை. பின்னால் சமையலறைக்கு மேல் இருக்கும் சாய்ப்பில்தான் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் கிடந்தது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு வாளி, ஒரு குத்துப்போணி, ஒரு பழைய அலுமினியச் சட்டி என்று வைப்பாள். ராத்திரி மூன்றும் மூன்று சுருதியில் சத்தம் போடும்.

2022-இல் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிது. கெமிஸ்ட்ரி லேபில் நாலு நாள் நின்ற திமிர். "அப்பா, ஆசிட் ஊத்தித் தேய்ச்சா எல்லாம் போயிரும்" என்று சொன்னவன் நான். கடையில் போய் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் நாலு பாட்டிலும், ஒரு கம்பி பிரஷ்ஷும் வாங்கி வந்தவனும் நான். ஆவணி மாதம், ராத்திரி மழை பெய்து விட்ட காலைப் பொழுது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். மரம் நனைந்திருந்ததால் வெட்டு இல்லை. சும்மா இருக்கிற நாளில் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று ஏறிவிட்டார். ஈரப் பாசி, அதன் மேல் ஆசிட், காலில் ரப்பர் செருப்பு. பாதிக் கூரை தேய்த்து முடித்திருப்பார். ஏழரை அடி உயரத்திலிருந்து துணி துவைக்கிற கல்லின் பக்கம் விழுந்தார். கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

பால் வெட்டுகிறவருக்குக் கால்தான் முதல். விடியும் முன்னே மரத்துக்கு மரம் நடக்க வேண்டும். மூன்று மாதம் கட்டிலில் கிடந்தார். அம்மா முந்திரி ஆலைக்குப் போனாள். என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம். அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த அந்தப் பாதிக் கூரையில், அடுத்த மழைக்கே பாசி திரும்ப வந்தது. தேய்க்காத பாதியைவிடச் சீக்கிரமாக! அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது, நாம் தண்டித்தது குற்றவாளியையே அல்ல என்று.

பாசி என்றால் என்ன?

நம் ஊரில் பச்சையாக, வழுவழுவென்று எது படிந்தாலும் பாசிதான். சிலர் 'பாசம்' பிடித்துவிட்டது என்பார்கள். ஆளை வழுக்கி விழ வைப்பதில் இரண்டு பாசமும் ஒன்றுதான் போங்கள்! ஆனால் கூரையில் இருப்பது ஒரே ஆள் அல்ல. முதலில் வருவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பாசி இனங்கள். சுவரிலும் மாடியிலும் மழை முடிந்ததும் கறுப்பாகக் கறை படிகிறதே, அது பெரும்பாலும் இவைதான். ஓட்டில் சாம்பல் நிறத்தில், வட்ட வட்டமாக, தேமல்போல் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. அது பூஞ்சையும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் உயிர். மூன்றாவதுதான் மெத்தை மெத்தையாக எழும்பி நிற்கும் நம் கதாநாயகன். இது ஒரு செடி. குட்டி இலை உண்டு, தண்டு உண்டு. ஆனால் வேர் கிடையாது. வேர்போல் இருக்கும் இழைகள் பிடித்துக்கொள்ள மட்டும்தான். தண்ணீரை உடம்பு முழுவதாலும் குடிக்கும். பூ, விதை கிடையாது. தூளாகப் பறக்கும் வித்துகள் காற்றில் வரும். எந்த வீட்டுக் கூரையிலும் விழும். விழுந்த இடத்தில் ஈரம் நின்றால் முளைக்கும், நிற்காவிட்டால் இல்லை.

ஒரு வேடிக்கை செய்து பாருங்கள். பங்குனி வெயிலில் காய்ந்து பழுப்பாகிப் போன பாசியை ஒரு துண்டு எடுத்து அதன்மேல் தண்ணீர் தெளியுங்கள். கொஞ்ச நேரத்தில் கண் முன்னாலேயே விரிந்து பச்சையாகும். என் தங்கை இதைப் பார்த்துவிட்டு நாலு நாள் ஸ்கூலுக்கு டப்பாவில் போட்டுக் கொண்டுபோனாள். அதாவது வெயிலில் காய்ந்தது செத்துவிட்டது என்று நாம் நினைப்போம். அது தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்தப் பாசியால் கூரைக்கு என்ன கெடுதல்? 'பாரம் தாங்காமல் கூரை இறங்கிவிடும்' என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. கணக்குப் போடுவோம். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. கனத்துக்குப் பாசி, அது முழுக்க முழுக்கத் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டாலும் 10 லிட்டர், 10 கிலோ. மங்களூர் ஓட்டுக் கூரைக்கு ரீப்பரோடு சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 65 கிலோ என்றுதான் டிசைனில் எடுக்கிறோம். ஆக, நல்ல கழுக்கோல் இருக்கிற கூரையைப் பாசிப் பாரம் மட்டும் சாய்த்துவிடாது. மேல்நாட்டுப் புத்தகங்களில் இன்னொரு காரணம் எழுதியிருப்பார்கள்: பாசி தேக்கும் தண்ணீர் உறைந்து, விரிந்து, ஓட்டைப் பிளக்கும் என்று. ஊட்டியில் மார்கழி உறைபனியில் அது நடக்கலாம். குலசேகரத்தில் தண்ணீர் உறைய ஐஸ் பெட்டிக்குள்தான் போக வேண்டும்.

எங்களுக்கு நேர்ந்த கெடுதல் வேறு. ஓடும் ஓடும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் படுக்கும் இடத்தில் ஒரு சின்ன வாய்க்கால் இருக்கிறது பாருங்கள், அங்கேதான் பாசி குடியேறுகிறது. வாய்க்கால் அடைபட்டால் தண்ணீர் கீழே ஓடாமல் பக்கவாட்டில் ஏறும். போதாதற்குப் பாசி, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை மேலே இழுத்து, ஓட்டின் விளிம்பைத் தாண்டி உள்ளே சொட்ட வைக்கும். சொட்டுவது எதன்மேல்? ரீப்பர்மேல். மழை விட்டு ஒரு வாரம் ஆனாலும் அந்த இடம் காயாது. மரம் உளுக்கும், கரையான் வரும். ஓடு உடையவே இல்லை, ஆனால் வீடு ஒழுகும். உடைந்த ஓடு எங்கே எங்கே என்று தேடிக்கொண்டிருந்தோம்!

நானும் ஆசிட்டும்

இரண்டாம் ஆண்டில் மெட்டீரியல் லேபில் ஓட்டின் நீர் உறிஞ்சும் தன்மை பார்க்கும் சோதனை வந்தது. ஓட்டை நன்றாகக் காய வைத்து எடை, பிறகு 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு எடை. நான் வீட்டிலிருந்து இரண்டு ஓட்டைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தேன். (கண்டக்டர் லக்கேஜ் கேட்டார். அது தனிக் கதை.) ஒன்று பின்கட்டில் பாட்டா காலத்திலிருந்து அடுக்கி வைத்திருந்த மிச்ச ஓடு. மற்றொன்று அப்பா தேய்த்த பகுதியிலிருந்து எடுத்தது. எடை போடும் முன்பே வித்தியாசம் தெரிந்துவிட்டது. பழைய ஓட்டின் முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கொஞ்ச நேரம் முத்துப்போல் நின்றது. தேய்த்த ஓட்டில் விட்ட சொட்டு உடனே காணாமல் போனது. எடையிலும் தேய்த்த ஓடுதான் அதிகம் குடித்திருந்தது. "ரெண்டு ஓட்டை வச்சு முடிவு சொல்லாதே" என்றார் லேப் சார். நியாயம்தான். ஆனாலும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சூளையில் வேகும்போது ஓட்டின் மேல்முகம் இறுகித் தோல்போல் ஆகிவிடுகிறது. கம்பி பிரஷ் அதைக் கீறிவிடும். கீறல் ஒவ்வொன்றும் பாசிக்கு ஒரு பாத்தி. ஆசிட் சுட்ட களிமண்ணை அவ்வளவாகத் தின்னாது. ஆனால் முகட்டு ஓட்டைப் பதித்திருக்கும் சிமென்ட், சுண்ணாம்புச் சாந்தைத் தின்றுவிடும். ஆணியையும் தகரப் பாத்தியையும் அரித்துவிடும். எங்கள் சாய்ப்பு சுவரோடு சேரும் இடத்துப் பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது ஆசிட்டின் உபயம்தான்.

மொட்டை மாடி வீட்டு நண்பர்களே, இது உங்களுக்கும் பொருந்தும். செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தளம் போட்ட பழைய மாடியில் ஆசிட் ஊற்றினால் தளத்தையே கரைக்கிறீர்கள் என்று அர்த்தம். மாடியில் பச்சை படிந்தால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் குழாய் வாயை. அடைப்பு இல்லாவிட்டால் வாட்டம் போதாது. நூறு அடிக்கு ஓர் அடி இறக்கமாவது வேண்டும்.

பிளீச்சிங் பவுடர்? மேலே இருக்கிற பச்சையைக் கொல்லும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. அதைவிட முக்கியம், ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். கூரை மேல் நிற்கிறவனுக்கு மூச்சுத் திணறினால் ஓடவும் இடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் 'ரெண்டையும் கலந்து அடி' என்று அப்பாவுக்கு யோசனை சொல்லியிருந்தார். கடவுள் புண்ணியத்தில் பவுடர் தீர்ந்து போயிருந்தது.

எங்கள் பக்கம் இன்னொரு மருந்தும் கைவசம் உண்டு: துருசு, அதாவது மயில்துத்தம். ரப்பருக்கும் நல்லமிளகுக்கும் சுண்ணாம்போடு கலந்து போர்டோ கலவையாக அடிக்கிறோமே, அதுதான். செம்பு பாசிக்கு ஆகாது. கூரையில் அடித்தால் பாசி சாகும், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். எங்கள் கூரைத் தண்ணீர் குழாய் வழியாகக் கிணற்றுக்குப் பக்கத்துக் குழியில்தான் இறங்குகிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். தகரப் பாத்தியின் துத்தநாகப் பூச்சையும் துருசு அரிக்கும். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

குற்றவாளியைத் தேடி

கால் சரியாகி அப்பா நடக்க ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு கூரையைச் சுற்றி வந்தேன். முன்பக்கக் கூரை எட்டரை அடிக்கு ஐந்தடி உயர்கிறது. கிட்டத்தட்ட 30 டிகிரி. சமையலறைச் சாய்ப்பு எட்டடிக்கு மூன்றடிதான். 21 டிகிரிகூட இல்லை. பிற்பாடு ஒட்டுப் போட்டுக் கட்டியது. சுவர் உயரம் பற்றாததால் வாட்டத்தைக் குறைத்துவிட்டார்கள். தண்ணீர் மெதுவாக ஓடும், சருகு தங்கும், சருகு மக்கினால் மண். ஒன்றாவது காரணம் பிடிபட்டது.

சாய்ப்பு வடக்குப் பார்த்தது. வடக்கில்தான் பாசி பிடிக்கும் என்று மேல்நாட்டுக் கதைகளில் படித்திருப்பீர்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு எட்டு டிகிரி வடக்கே. ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்போது வடக்குக் கூரைக்குத்தான் வெயில் அதிகம்! மார்கழியில் கதை தலைகீழ். சூரியன் தெற்கே 32 டிகிரி சாய்ந்துவிடும். வடகிழக்கு மழையில் ஊறிய வடக்குக் கூரை காய வேண்டிய நேரத்தில் வெயில் கிடைக்காது. அதனால் திசைக்கும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் பக்கத்து வீட்டு வடக்குச் சாய்ப்பிலும் இதே அளவு பாசி இருக்க வேண்டுமே? இல்லை.

பாட்டிதான் துப்புக் கொடுத்தாள். "ஓகிக்குப் பொறவு ரெண்டு மூணு வருசம் ஒரு சொட்டு ஒழுகலியே!"

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓகி புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரப்பரும் வாழையும் தோட்டம் தோட்டமாகச் சாய்ந்தன. எங்கள் கொல்லையில் பாட்டா வைத்த பலா இடுப்பளவில் முறிந்து விழுந்தது. நல்லவேளை, வீட்டின் மேல் விழவில்லை. பாட்டி அன்று அழுததைப் பாட்டா செத்தபோதுதான் அதற்கு முன்னால் பார்த்தேன். அடுத்த மழையிலேயே அடிமரத்திலிருந்து துளிர் வந்தது. நாலைந்து வருஷத்தில் கிளை விரித்துச் சாய்ப்பின் மேல் குடை பிடித்துவிட்டது. மரம் இல்லாத வருஷங்களில் பாசி இல்லை. மரம் திரும்பியதும் பாசியும் திரும்பியது. நிழல், சருகு, மழை விட்ட பிறகும் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் என்று மூன்றையும் அந்த ஒரு மரமே கொடுத்துக்கொண்டிருந்தது.

பாட்டி இன்னொன்றும் சொன்னாள். விறகு அடுப்பு எரிந்த காலத்தில் ஓடு உள்பக்கமிருந்து காய்ந்துகொண்டே இருந்ததாம். கேஸ் வந்ததும் அந்தச் சூடும் போயிற்று. இதை நான் அளந்து பார்க்கவில்லை. ஆனால் புகைபடிந்த பழைய ரீப்பர்கள் இரும்பு மாதிரி நின்றதைப் பிறகு கண்ணால் கண்டேன்.

ஓடு இறக்கிய கதை

2024 பங்குனியில் வேலையை எடுத்தோம். ஓட்டு வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, காஞ்சு கெடக்கும்போதுதான் பாசிய எடுக்கணும். நனஞ்சு கெடந்தா அது நம்மள எடுத்துரும்" என்றார். அப்பா காலைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணாச்சி சொன்ன வழி எளிமையானது. கூரை மேல் நின்று தேய்க்கவே வேண்டாம். மங்களூர் ஓடு ஒட்டியோ ஆணி அடித்தோ வைத்ததல்ல. அடியில் இருக்கும் குமிழ் ரீப்பரில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டிருக்கிறது. மேல் ஓட்டைக் கொஞ்சம் மேலே தள்ளினால் கீழ் ஓடு கழன்று வரும். பாசியைத் தேடி நாம் ஏறுவதற்குப் பதில் ஓட்டைக் கீழே இறக்கினோம். சாய்ப்பில் சுமார் 240 ஓடு. ஹாஸ்டல் நண்பர்கள் நாலு பேர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். (கூலி: கப்பையும் மீன்கறியும்.) ஏணியின் காலை ஒருவன் பிடித்துக்கொள்வான். மேலே போகிறவன் இடுப்பில் கயிறு கட்டி, கழுக்கோல்களின் குறுக்கே போட்ட பலகையில் மட்டும் கால் வைப்பான். ஓட்டின் நடுவில் மிதிக்கவே கூடாது. எங்கள் மெக்கானிக்கல் நண்பன் மிதித்து இரண்டு உடைத்தான். சிவில் மாணவர்கள் யாரும் உடைக்கவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!

காய்ந்த பாசி மரச் சட்டுவம் பட்டதுமே தோல் உரிவதுபோல் வந்தது. மிச்சத்தைத் தேங்காய்த் தொண்டால் தேய்த்து, வெறும் தண்ணீரில் கழுவி, இரண்டு பக்கமும் வெயிலில் வைத்தோம். வாய்க்காலில் இருந்த மண்ணைத் தென்னை ஈர்க்கால் குத்தி எடுத்தோம். இதுதான் நேரம் பிடித்த வேலை, ஆனால் வேலையின் உயிரே இதில்தான். ஓடு இல்லாத கூரையைக் கீழே நின்று பார்த்தபோது ரீப்பர் நாலு உளுத்துப்போய்க் கையால் ஒடிகிற நிலையில் இருந்தது. அவற்றில்தான் அப்பா அன்று நின்றிருக்கிறார். அவர் ஒன்றும் பேசாமல் அந்தத் துண்டுகளைப் பொறுக்கி வெந்நீர் அடுப்புப் பக்கம் போட்டார்.

உடைந்தவையும் ஆசிட்டில் தேய்ந்தவையுமாக ஒதுக்கியதற்குப் பதில், ஊரில் இடித்த ஒரு பழைய வீட்டின் ஓடுகளை வாங்கினோம். அளவு கொஞ்சம் மாறினாலும் பூட்டுச் சேராது. ஆகவே ஒரே ஆலை அச்சுப் பார்த்துப் பொறுக்க வேண்டும். சாய்ப்பின் வாட்டத்தைக் கூட்ட எங்களிடம் பணம் இல்லை. சுவரோடு சேரும் இடத்தைப் புதிதாகப் பூசினோம். ஓட்டுக்கு அடிக்கும் பெயின்ட் பற்றியும் கடைக்காரர் சொன்னார். சுத்தமாகக் காய்ந்த ஓட்டில் அடித்தால் கொஞ்ச காலம் தாங்கும், பாசிமேல் அடித்தால் பாசியோடு உரிந்து வரும். அந்தக் காசில் ரீப்பர் வாங்கினோம்.

கடைசியில் மரம். நான் அரிவாளோடு போனேன். பாட்டி வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

"லேய், புயலு கொண்டுபோனதத் தெய்வம் திரிச்சுத் தந்திருக்கு. வெட்டுனா பாத்துக்க."

முழு மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, கூரைக்கு மேல் வரும் கிளைகளை எடுத்தால் போதும், காலை வெயில் விழும் என்று நோட்டில் படம் போட்டுக் காட்டினேன். ஒரு மணி நேரம் பேச்சுவார்த்தை. ஏழு கிளையில் ஆறுக்கு அனுமதி கிடைத்தது. ஏழாவதில் அந்த வருஷம்தான் முதன்முதலாகப் பிஞ்சு பிடித்திருந்தது.

2024 ஐப்பசி மழையில் அம்மா வாளியும் குத்துப்போணியும் எடுக்கவில்லை. அலுமினியச் சட்டியைக் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டாள். மழை விட்ட மறுநாள் ஏணி வைத்து எட்டிப் பார்த்தேன். சாய்ப்பு காய்ந்து சிவப்பாக இருந்தது, மேற்கு மூலையில் மூன்றே மூன்று ஓட்டைத் தவிர. அங்கே மெல்லிய பச்சை. அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே அந்த ஏழாவது கிளை.